அறுந்த வேலிக்கம்பியை இழுத்துக் கட்டுவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பன்றி உடைத்த வேலி பற்றிக் கேட்ட ஒருவருக்கு, "கம்பியைக் கையால் இழுத்துக் கட்டாதீர்கள், அதற்கென்று இழுக்கிற சாமான் ஒன்று இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்" என்று இரண்டு வரியில் பதில் சொல்லியிருந்தோம். அது என்ன சாமான், எப்படிப் பிடிப்பது, வாங்க வசதியில்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டு மலையகத்தின் பல பக்கத்திலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. ஆகவே இந்த முறை பக்கம் முழுக்க வேலியும் கம்பியும்தான்.

கந்தப்பளை வாசகர்: லீக்ஸும் கரட்டும் போட்டிருக்கிறோம். சுற்றிவர நாலு இழை முள்ளுக்கம்பி. கீழ் இழையைப் பன்றி அடிக்கடி அறுத்துவிடுகிறது. நானும் இரண்டு முனையையும் குறட்டால் இழுத்து முறுக்கிவிடுகிறேன், ஆனால் கம்பி தொங்கிப் போகிறது, மறுபடி அதே இடத்தால் நுழைகிறது. நீங்கள் சொன்ன சாமான் இதற்கு என்ன செய்யும்?

பதில்: பன்றி கம்பியை அறுப்பதில்லை. மூக்கைக் கீழே கொடுத்து மேலே நெம்பும், அவ்வளவுதான். கம்பி தளர்வாக இருந்தால் மேலே எழும்பி வழி விடும், இறுக்கமாக இருந்து எங்கேயாவது துரு ஏறி மெலிந்திருந்தால் அந்த இடத்தில் அறுந்துபோகும். நீங்கள் முறுக்கிய இடம் இரண்டு வகையிலும் பலவீனமானது. குறட்டால் நெருக்கி முறுக்கும்போது கம்பியின் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு உரிந்துவிடும், கந்தப்பளை மழைக்கு அங்கே துரு ஏற ஒரு பருவம் போதும். அதோடு, குறட்டால் எவ்வளவு பலமாக இழுத்தாலும் முறுக்கத் தொடங்கியவுடன் கை தளரும், அந்தத் தளர்ச்சி அப்படியே வேலிக்குள் போய்த் தங்கிவிடும்.

கடையில் வயர் ஸ்ட்ரெய்னர் என்று கேளுங்கள். அறுந்த கம்பியைச் சேர்ப்பதற்கு வசதியான வகை எப்படி இருக்கும் என்றால், கை நீளத்துக்கு ஒரு தட்டை இரும்பு, அதன் விளிம்பில் வரிசையாகப் பற்கள், ஒரு முனையில் அசையாத ஒரு கவ்வி, பற்களின் மேல் நகர்கிற இன்னொரு கவ்வி, அதோடு சேர்ந்த ஒரு கைப்பிடி. பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பல் 'டக்' என்று நகரும். நகர்ந்ததும் பின்னால் ஒரு இரும்பு நாக்கு விழுந்து பூட்டிக்கொள்ளும், கையை எடுத்தாலும் திரும்பி வராது. கவ்வியின் வாய் சாய்வாக இருப்பதால் கம்பி எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுக்கு வாய் இன்னும் நெருங்கிப் பிடிக்கும். நீங்கள் முடிச்சுப் போட்டு முடிக்கும் வரை இன்னொரு ஆள் பக்கத்தில் நின்று கம்பியை விடாமல் இழுத்துப் பிடித்திருப்பது போல அது இருந்துகொள்ளும், உங்கள் இரண்டு கையும் வேலைக்கு மிஞ்சும்.

சரி, வேலை இப்படி. அறுந்த முனைகளை நேரே ஒன்றோடொன்று கட்டப் பார்க்காதீர்கள், நீளம் போதாது. இரண்டு பக்கமும் துருப் பிடித்த பகுதியை, உள்ளே பளபளப்பு தெரியும் இடம் வரைக்கும் வெட்டிவிடுங்கள். புதுக்கம்பித் துண்டு ஒன்றை, இடைவெளியை விட இரண்டு முழம் கூடுதலாக எடுத்து, முதலில் ஒரு பக்கத்து முனையில் கொக்கி போலக் கோர்த்துக் கட்டுங்கள். அப்புறம் சாமானின் ஒரு கவ்வியில் அந்தப் புதுத்துண்டையும் மற்றக் கவ்வியில் எதிர்ப்பக்கத்துப் பழைய கம்பியையும் கொடுங்கள், முனையிலிருந்து ஒரு முழமாவது உள்ளே தள்ளி. அந்த ஒரு முழம்தான் பிறகு முடிச்சுப் போட உங்களுக்குக் கிடைக்கும் கம்பி. முனைக்குக் கிட்டவாகக் கவ்வியை மாட்டிவிட்டு, இறுக்கி முடிந்த பிறகு கட்ட இடமில்லாமல் மறுபடி எல்லாவற்றையும் அவிழ்க்கிறவர்கள் நிறையப் பேர். முள் இருக்கும் இடத்தில் கவ்வி சரியாக உட்காராது, இரண்டு முள்ளுக்கு நடுவில் மாட்டுங்கள்.

இனிப் பிடியை ஆட்டுங்கள். இழுக்கும்போது கண் சாமானில் மட்டும் இருக்கக் கூடாது, பக்கத்துக் கட்டைகளையும் பாருங்கள். அவை சாயத் தொடங்கினால் கம்பி கட்டையில் எங்கேயோ இறுகிக் கிடக்கிறது, இழுவை அந்தக் கட்டையைத் தாண்டிப் போகவில்லை என்று அர்த்தம். கம்பியைக் கட்டையோடு பிடித்து வைக்கும் யூ ஆணியைக் கம்பி நசுங்கும் வரை அடித்துவிடுவதால்தான் இப்படி ஆகிறது. இடைக்கட்டைகளில் கம்பி ஓடுகிற அளவுக்கு ஆணியில் கொஞ்சம் இடம் விட வேண்டும், மூலைக் கட்டையில் மட்டும்தான் அசையாமல் கட்ட வேண்டும். ஆணியை மரத்தின் நார் ஓடும் திசைக்குக் கொஞ்சம் சாய்த்து அடித்தால் கட்டை பிளக்காது.

எவ்வளவு இறுக்குவது? இரண்டு கட்டைக்கு நடுவில் உள்ளங்கையால் கம்பியை அழுத்திவிட்டு எடுங்கள். உடனே பழைய இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம், முள்ளுக்கம்பி அதிகமாக இறுகினால் அறுந்து பாம்பு போலச் சுருண்டு வந்து முகத்தில்தான் அடிக்கும். கண்ணாடியும் தடித்த கையுறையும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. சின்னப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்து நிற்பார்கள், அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

ஹட்டன் வாசகர்: வீட்டுத்திட்டத்தில் 7 பேர்ச் காணி கிடைத்திருக்கிறது. வேலி போட எவ்வளவு கம்பி போகும்? ஹார்ட்வெயார் கடையில் சங்கிலி வைத்த இழுவை ஒன்றும் நீங்கள் சொல்வது போல் தட்டையான ஒன்றும் இருக்கின்றன. எது நல்லது?

பதில்: 7 பேர்ச் என்றால் ஏறக்குறைய 177 சதுர மீற்றர். காணி சதுரமாக இருந்தால் சுற்றளவு 53, 54 மீற்றர் வரும், நீள்வாட்டாக இருந்தால் இன்னும் கூடும். நாலு இழை போட்டால் 215 மீற்றர், கட்டுவதற்கும் கழிவுக்கும் சேர்த்து 230 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நிறுவையில் விற்றால், அந்தக் கம்பி ஒரு கிலோவுக்கு எத்தனை மீற்றர் வரும் என்று கேட்டு வாங்குங்கள், கேஜுக்குக் கேஜ் அது மாறும். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லிசு என்பதையும் மறக்க வேண்டாம்: 14 கேஜ் என்றால் 2 மில்லிமீற்றர், 12 கேஜ் அதை விடத் தடிப்பு, 2.6 மில்லிமீற்றர்.

சங்கிலி இழுவையில் ஒரு நீளச் சங்கிலியின் மேல் நெம்புகோல் ஒரு கண்ணிக்கு அடுத்த கண்ணியாக ஏறிப்போகும். சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்துக்குக் கம்பியை இழுக்கலாம். புது வேலி போடும்போது, மூலையிலிருந்து மூலைக்கு ஒரே இழுவையாக இழுக்க அதுதான் வசதி. தட்டையானது ஒரு கை நீளத்துக்கு மேல் இழுக்காது, ஆனால் பாரம் குறைவு, அறுந்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் ஐந்து நிமிடத்தில் வேலையை முடிக்கலாம். உங்கள் காணிக்கு வேலி ஒரு தடவைதான் போடப்போகிறீர்கள், பழுது பார்ப்பது வருடக்கணக்கில் இருக்கும், ஆகவே தட்டையானதையே வாங்குங்கள் என்று சொல்வேன். புதுவேலிக்குச் சங்கிலி இழுவையை யாரிடமாவது இரவல் வாங்கலாம்.

கேட்டதற்கு மேல் ஒன்று சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால். வேலிக்கம்பி இழுக்கும் சாமான்களில் உலகம் முழுக்கப் பேர் வாங்கியவர் ஏர்னஸ்ட் ஹேய்ஸ் என்ற மனிதர். நியூசிலாந்தின் தென் தீவில் ஓட்டுரேஹுவா என்ற சிற்றூரில் 1895இல் பட்டறை தொடங்கியவர். அக்கம்பக்கத்து விவசாயிகளுக்குத் தேவையான சாமான்களைச் செய்து பார்த்துச் செய்து பார்த்து, கடைசியில் கம்பி இழுவையில் வந்து நின்றார். அவர் மனைவி ஹன்னாதான் சைக்கிளில் ஏறிப் பண்ணை பண்ணையாகப் போய் அந்தச் சாமான்களை விற்றுக் கொடுத்தவர். பெரிய ஆலை ஒன்றில் பிறந்த சாமான் அல்ல இது, நம்முடைய கொல்லன் பட்டறை மாதிரி ஒரு இடத்தில், வேலி கட்டுகிறவர்களின் கஷ்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் செய்தது. முள்ளுக்கம்பி அதற்கும் முந்தியது, அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து விவசாயி ஜோசப் கிளிடன் 1874இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார்.

பசறை வாசகர்: அவ்வளவு காசு கொடுத்து வாங்க இப்போது முடியாது. வேறு வழி இல்லையா? நண்பர் ஒருவர் கராஜில் இருக்கும் கை வின்ச்சைத் தருகிறேன் என்கிறார்.

பதில்: கை வின்ச்சை எடுக்காதீர்கள். அது ஒரு தொன் இழுக்கக்கூடிய சாமான். 2 மில்லிமீற்றர் சாதாரண இரும்புக்கம்பி ஒற்றை இழை ஏறத்தாழ 120, 130 கிலோ பாரத்தில் அறுந்துவிடும். வின்ச்சில் கைக்குப் பாரமே தெரியாது, அறுந்த பிறகுதான் தெரியும்.

சின்னத் தொய்வு என்றால் கம்பு போதும். தொய்ந்த இழையோடு சேர்த்து இன்னொரு துண்டுக் கம்பியை, தொய்வுக்கு இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு முழம் தள்ளி நன்றாகக் கட்டிக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் உறுதியான கம்பு ஒன்றைச் செருகிச் சுற்றுங்கள். இரண்டு கம்பியும் ஒன்றின் மேல் ஒன்று முறுகி நீளம் குறைந்து இறுகும். போதும் என்றதும் கம்பின் நுனியை மேல் இழையோடு கட்டிவிட வேண்டும், இல்லையென்றால் திருப்பி அடிக்கும், கையெலும்பு போய்விடும். யூகலிப்டஸ் கிளை நல்லது, காய்ந்த கிளிரிசிடியா பட்டென்று முறியும்.

இன்னொன்று, வேலியிலேயே நிரந்தரமாக விட்டுவிடும் சின்னச் சுருள் இறுக்கி. விரல் நீளத்துக்கு ஒரு உருளை, பக்கத்தில் பல்சக்கரம், ஒரு நாக்கு. ஸ்பேனரைக் கொடுத்துத் திருப்பினால் கம்பி உருளையில் சுற்றிக்கொண்டு இறுகும். இதை நல்ல கொல்லன் ஒருவர் பழைய இரும்பில் செய்து தருவார், கடினமான வேலை அல்ல. நாக்கு பல்லில் முழுக்க விழுகிறதா என்று மட்டும் வாங்கும்போதே திருப்பிப் பாருங்கள், பாதி விழுந்தால் ஒரு நாள் நழுவும்.

ஆனாலும் நான் சொல்வது, ஒரே லயத்தில் ஐந்தாறு வீட்டில் தோட்டம் போட்டிருப்பீர்கள் அல்லவா, எல்லோரும் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். வருடத்தில் சில நாட்கள்தான் தேவைப்படும் சாமான், ஆளுக்கொன்று எதற்கு?

லிந்துலை வாசகி: கணவர் கொழும்பில் வேலை. நானும் மாமியும்தான் வீட்டில். போஞ்சித் தோட்டத்து வேலியை எங்களால் இறுக்க முடியுமா, ஆம்பிளை ஆள்தான் வர வேண்டுமா?

பதில்: தாராளமாக நீங்களே செய்யலாம் அக்கா. உடம்புப் பலத்துக்குப் பதிலாகத்தான் அந்தக் கைப்பிடி. பிடியின் நீளம் 40 சென்ரிமீற்றர், கவ்வியை இழுக்கும் இடம் சுழலும் முனையிலிருந்து 2 சென்ரிமீற்றர் என்று வைத்தால், நீங்கள் 10 கிலோ பலம் கொடுக்கும்போது கம்பிக்கு 200 கிலோ போக வேண்டும், உராய்வில் போனது போக மிச்சம் கிடைக்கும். தேயிலைக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறுகிற உங்களுக்குப் பத்துக் கிலோ ஒரு விஷயமா? நான் பயப்படுவது மறுபக்கம்: பிடி இலேசாக ஆடுகிறதே என்று இன்னும் இரண்டு பல்லு, இன்னும் இரண்டு பல்லு என்று போய்விடுவீர்கள். சாதாரண முள்ளுக்கம்பி அதைத் தாங்காது. மாமியை மூலைக் கட்டைப் பக்கம், கம்பிக்கு நேரே நிற்காமல் கட்டைக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள், கட்டை அசைந்தால் அவர் குரல் கொடுக்கட்டும்.

வெலிமடை வாசகர்: இறுக்குவதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, முடிச்சுத்தான் உருவிக்கொண்டு போகிறது. எந்த முடிச்சுப் போட வேண்டும்?

பதில்: முடிச்சு உருவிப்போனால் பெரும்பாலும் இரண்டு முனையையும் பக்கம் பக்கமாக வைத்துச் சேர்த்து முறுக்கியிருப்பீர்கள். பிடித்து இழுத்தால் அந்த முறுக்கு அப்படியே பிரிந்து நேராகும்.

முள்ளுக்கம்பிக்கு: ஒரு முனையை மடித்துக் கண் போலாக்கி, மிச்சத்தைத் தன் மேலேயே ஐந்தாறு சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். மற்ற முனையை அந்தக் கண்ணுக்குள் விட்டு மடித்து, அதையும் அதன் மேலேயே சுற்றுங்கள். இரண்டு கொக்கி ஒன்றை ஒன்று மாட்டி இழுக்கும், உருவ இடமே இல்லை. கண்ணைச் சின்னதாக்கப் பாருங்கள், பெரிதாக விட்டால் பாரம் ஏறும்போது அது நசுங்கி நீளும், வேலி அந்த அளவுக்குத் தளரும்.

முள் இல்லாத ஜி.ஐ. கம்பிக்கு, அதாவது துத்தநாகம் பூசிய சாதாரண இரும்புக்கம்பிக்கு, தந்திக் கம்பி போட்ட காலத்து முறை ஒன்று இருக்கிறது. இரண்டு கம்பியையும் குறுக்காக வைத்து நடுவில் ஒன்றிரண்டு தடவை நீளவாக்கில் தளர்வாகச் சுற்றி, பிறகு இடது முனையை வலது கம்பியின் மேலும் வலது முனையை இடது கம்பியின் மேலும் செங்குத்தாக, இடைவெளி இல்லாமல் ஐந்தாறு சுற்று. இழுக்க இழுக்க இந்த முடிச்சு இன்னும் இறுகும். மேலைநாடுகளில் தந்திக் கம்பியாட்கள் இப்படிக் கட்டித்தான் பல மைல் தூரத்துக்குக் கம்பி போட்டார்கள்.

கடையில் 'ஹை டென்சில்' என்று தரும் விறைப்பான கம்பிக்கு இந்த இரண்டும் சரிவராது. அது குறட்டுக்கு வளையாது, வலுக்கட்டாயமாக வளைத்தால் வளைத்த இடத்தில் முறியும். அதற்கு எட்டு வடிவத்தில் பெரிய வளைவாகப் போடும் முடிச்சு, அல்லது நசுக்கிப் பிடிக்கும் குழாய்த்துண்டு. குறட்டின் பல் பட்டு ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் அந்தக் கம்பி அங்கேதான் அறும், ஆகவே அதைக் குறட்டால் கடிக்கவே வேண்டாம். கந்தப்பளைக்காரருக்குச் சொன்ன சாமானிலும் வழுவழுப்பான கவ்வி உள்ளது என்றால் நல்லது.

மஸ்கெலியா வாசகர்: எங்கள் காணி கானைத் தாண்டி இறங்கி மறுபடி ஏறுகிறது. கம்பியை இறுக்கினால் பள்ளத்தில் இருக்கும் கட்டைகள் மண்ணை விட்டு மேலே கிளம்புகின்றன. மூலைக் கட்டையும் ஒவ்வொரு மழைக்கும் சாய்கிறது.

பதில்: மலையகத்தில் வேலி போடுகிற எல்லோருக்கும் வருகிற பிரச்சினை, சமதரையில் வேலி கட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. இறுகிய கம்பி நேர்கோட்டுக்கு வரத்தான் பார்க்கும். மேட்டில் இருக்கும் கட்டையை அது மண்ணுக்குள் அழுத்தும், அதனால் தொல்லையில்லை. பள்ளத்தில் இருக்கும் கட்டையை மேலே தூக்கும். கட்டையை இன்னும் ஆழமாக நடுவதால் மட்டும் சரிவராது, மழையில் மண் இளகியதும் திரும்பக் கிளம்பும்.

பள்ளத்துக் கட்டைக்குப் பக்கத்தில் அலவாங்கால் முழங்கால் ஆழத்துக்கும் மேலாகக் குழி எடுத்து, தலையணை அளவு கருங்கல் ஒன்றில் தடித்த கம்பியைச் சுற்றி உள்ளே போட்டு, மண்ணை அடுக்கடுக்காக இடித்து மூடுங்கள். கல்லில் சுற்றிய கம்பியின் மறுமுனையைக் கட்டையின் அடியில் இறுக்கிக் கட்டுங்கள். இனிக் கம்பி தூக்க வேண்டுமென்றால் அந்தக் கல்லையும் அதன் மேல் இருக்கும் மண்ணையும் சேர்த்துத் தூக்க வேண்டும். பள்ளம் மிகவும் ஆழம் என்றால் வேலியை அங்கே இரண்டாகப் பிரித்து, இந்தச் சரிவுக்குத் தனி இழுவை, அந்தச் சரிவுக்குத் தனி இழுவை என்று போட்டுவிடுங்கள். கானுக்குக் குறுக்கே கம்பியை இறுக்கிப் போட வேண்டாம், வெள்ளத்தில் வரும் குப்பையும் கிளையும் அதில் மாட்டி வேலியையே இழுத்துக்கொண்டு போகும். அங்கே தனியாக ஒரு தொங்கல் தட்டி போதும்.

மூலைக் கட்டைக்கு உள்பக்கமாக, கம்பி ஓடும் திசையில், சாய்வாக ஒரு முட்டுக் கொடுங்கள். முட்டின் அடி மண்ணில் நேரே குத்தாமல் ஒரு தட்டைக் கல்லின் மேல் நிற்கட்டும். மஸ்கெலியாவில் தென்மேல் மழை தொடங்கினால் மண் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், முட்டு இல்லாத மூலைக் கட்டை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் மெல்ல மெல்லச் சாயும், அப்போது என்ன விலை கொடுத்து வாங்கிய இழுவையாலும் பயன் இல்லை. பழுது பார்க்கக் கூப்பிடும் வேலிகளில் கம்பி நன்றாகவே இருக்கும், மூலைதான் போயிருக்கும்.

இன்னொரு விஷயம், உயிர்மரத்தைக் கட்டையாக வைத்திருக்கிறவர்களுக்கு: கம்பியை மரத்தைச் சுற்றிக் கட்டாதீர்கள், மரம் பருத்துக் கம்பியை விழுங்கிவிடும், பிறகு இறுக்கவும் முடியாது, மரமும் கெடும். மரத்தில் ஒரு பலகைத் துண்டை அறைந்து அதில் யூ ஆணி அடியுங்கள்.

நுவரெலியா வாசகர்: காலையில் விண்ணென்று இருக்கும் கம்பி மத்தியானம் தளர்ந்துவிடுகிறது. கம்பி கெட்டுப்போனதா?

பதில்: கெடவில்லை, சூட்டுக்கு இரும்பு நீள்கிறது. தை மாசியில் உங்கள் பக்கம் விடியற்காலை புல்லில் உறைபனி கிடக்கும், மத்தியான வெயிலில் கம்பியைத் தொட்டால் சுடும். 20 பாகை வித்தியாசத்துக்கு 50 மீற்றர் கம்பி 12 மில்லிமீற்றர் நீளும் அல்லது சுருங்கும். மத்தியான வெயிலில் நின்று கடைசிப் பல் வரைக்கும் இறுக்கிவிட்டால், பனியில் 2 மில்லிமீற்றர் ஒற்றைக் கம்பியில் இன்னும் 15 கிலோ அளவு இழுவை தானாக ஏறும், முடிச்சோ மூலைக் கட்டையோ அதைத் தாங்க வேண்டும். காலை எட்டு ஒன்பது மணியளவில் இறுக்குங்கள், மத்தியானத் தளர்வைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள்.

கொட்டகலை வாசகர்: பழைய கம்பியை மாற்றிவிட்டுத் துண்டுகளைப் புல்லுக்குள் எறிந்துவிட்டேன். மாடு மேய்கிற இடம். அதில் ஆபத்து உண்டா என்று மனைவி கேட்கிறாள்.

பதில்: மனைவி கேட்டது மிகவும் சரி. இன்றைக்கே போய்ப் பொறுக்குங்கள். மாடு ஆட்டைப் போல நுனி உதட்டால் தெரிந்தெடுத்துத் தின்னாது, புல்லை நாக்கால் வளைத்து அப்படியே விழுங்கும், கம்பித் துண்டு இருந்தால் அதுவும் உள்ளே போகும். இரைப்பையின் முன்னறையில் அது தங்கும், அந்த அறைக்கும் இருதயத்துக்கும் நடுவில் மெல்லிய தசைத்திரைதான் உண்டு. முறுகிய கூர்நுனி அதைத் துளைத்துக்கொண்டு போய் மாட்டையே கொன்றுவிடும். திடீரென்று தீனி எடுக்காது, பால் ஒரே நாளில் குறையும், முதுகை வளைத்துக்கொண்டு நிற்கும், மேட்டில் ஏறினாலும் இறக்கத்தில் இறங்க மறுக்கும். இவற்றில் ஏதாவது கண்டால் மறுநாள் வரை பார்க்காமல் மாட்டு டொக்டரைக் கூப்பிடுங்கள். உள்ளே இருக்கும் கம்பியைப் பிடித்து வைக்க மாட்டுக்கு விழுங்கக் கொடுக்கும் காந்தம் உண்டு, நேரத்தோடு கொடுத்தால் பல மாடுகள் பிழைக்கின்றன.

வேலைக்குப் போகும்போதே ஒரு பழைய பெயின்ற் வாளியை எடுத்துக்கொண்டு போய், வெட்டுகிற ஒவ்வொரு துண்டையும், கழற்றுகிற ஒவ்வொரு யூ ஆணியையும் அதில் போடுங்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடம் வேறு.

நோர்வூட் வாசகர்: வேலி போட்டு மிஞ்சிய கம்பியில் பன்றிக்குச் சுருக்கு வைத்தால் வேலியே தேவையில்லை என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். லைனிலிருந்து கரண்டை எடுத்துக் கம்பியில் கொடுக்கலாம் என்றும் ஒருவர் சொல்கிறார்.

பதில்: இரண்டையும் செய்ய விடாதீர்கள். சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் உங்களுக்குக் கிட்டத்தில், நல்லதண்ணிப் பக்கம் லக்சபானத் தோட்டத்தில், ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டிக்கொண்டதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இலங்கையில் மிக மிக அரிதாகவே கண்ணில் படும் விலங்கு. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாட்களில் செத்துப்போனது. கழுத்தைச் சுற்றிய கம்பி அது திமிறத் திமிற இறுகும், மேலே நான் நல்ல குணமாகச் சொன்ன அதே குணம் அங்கே கொலைகாரக் குணம். மாட்டிய சிறுத்தையைப் பார்க்கக் கிட்டப்போய்க் கடி வாங்கிய ஆட்களும் உண்டு. சிறுத்தை போன்ற பாதுகாக்கப்பட்ட வனவிலங்குகளைச் சுருக்கு வைத்துப் பிடிப்பதும் கொல்வதும் 1937ஆம் ஆண்டுத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். எங்கேயாவது சுருக்கில் விலங்கு மாட்டியிருப்பதைக் கண்டால் தூர நின்று வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது மனிதக் கொலை. இருட்டில் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவர், தன் ஆட்டைத் தேடி வருகிற பையன், யாராவது ஒருவர் தொட்டுவிடுவார். மின்வேலி வேண்டும் என்றால் விட்டுவிட்டு ஒரு கணம் மட்டும் மின்னழுத்தம் தரும் தனிக் கருவி இருக்கிறது, முறைப்படி அனுமதியோடு போடுங்கள். அதற்கும் கம்பி தொய்யாமல், மூட்டுகள் துருவில்லாமல் நெருக்கமாக இருக்க வேண்டும், தளர்ந்த மூட்டில் மின்சாரம் சரியாகக் கடக்காது.

பன்றிக்கு நல்லது, கீழ் இழையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இறுக்கமாகப் போட்டு, அதற்கு மேலே அடுத்த இழையையும் நெருக்கமாகப் போடுவது. மேல் இழைகளைக் கொஞ்சம் கூடுதல் இடைவெளியில் போடலாம், பன்றி பெரும்பாலும் கீழேதான் வழி தேடும். ஆகவே கம்பி போதாவிட்டால் கீழேதான் செலவழியுங்கள்.

பதுளை வாசகர்: எங்கள் சங்கத்தில் இழுவை ஒன்று வாங்கி எல்லோருக்கும் கொடுக்கிறோம். ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்துப் பல் நழுவுகிறது.

பதில்: மண்ணோடு கொண்டுவந்து மூலையில் போடுவதுதான் காரணம். திருப்பிக் கொடுக்கிறவர் துடைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சங்கத்தில் முடிவெடுங்கள். பற்களுக்கு இடையில் இறுகிய மண்ணைப் பழைய பல்துலக்கும் பிரஷும் மண்ணெண்ணெயும் வைத்து எடுத்தால் நாக்கு மறுபடி முழுக்க விழும், நழுவுவது பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். பல்லின் நுனி மழுங்கியிருந்தால் அதை அரத்தால் கூராக்கப் பார்க்க வேண்டாம், மாற்றத்தான் வேண்டும். காய்ந்த பிறகு பிடி சுழலும் ஆணிக்கும் நாக்குக்கும் இரண்டு மூன்று சொட்டு ஒயில் விட்டு, தட்டை இரும்பு முழுவதும் ஒயில் துணியால் துடைத்து வையுங்கள். கவ்வியின் வாய்க்குள் மட்டும் ஒயில் படக் கூடாது, பட்டால் கம்பி வழுக்கும். அங்கே மண்ணெண்ணெயால் கழுவிக் காய்ந்த துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.